கீழே பார்க்கவில்லை

அண்ணி தன் பக்கத்து முனையை விட்டுவிட்டாள். முறுக்கேறிய ஈர விரிப்பு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சிமெண்ட் தரையில் சொத்தென்று விழுந்தது.

"என்ன அண்ணி, தரைக்கும் ஒரு விரிப்பு போடுறீங்களா?"

எதிர்முனையைப் பிடித்திருந்த நாத்தனாரை லாண்டரிக்கு வந்துபோகிற எல்லாரும் வாயாடி என்றுதான் சொல்வார்கள். அண்ணன் போன பிறகு இரண்டு பெண்களும் சேர்ந்து நடத்துகிற கடை. நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் கூரைக்குத்தான் ஆபத்து என்று சொன்னவர்களெல்லாம் இப்போது தங்கள் துணிகளை அங்கேதான் போடுகிறார்கள். மெஷினில் துவைக்கிற பாதி வேலை செய்யும். பிழிகிற பாதி எப்போதோ நின்றுவிட்டது. அதனால் லாட்ஜ் விரிப்புகளை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, எதிரும் புதிருமாக நின்று முறுக்குவார்கள். அந்த நேரத்தில்தான் ஊர்க்கதை முழுவதும் பிழியப்படும்.

அண்ணி அடிவயிற்றின் வலப்பக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். முகம் சலவைத் துணிபோல வெளுத்திருந்தது.

"நாம முறுக்குவோமே, அதே மாதிரி இருக்குடி உள்ள. யாரோ ரெண்டு பேரு புடிச்சு முறுக்குறாங்க."

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். அவசரப் பிரிவு டாக்டருக்கு இளம் வயது. அவர் அண்ணியைப் பார்க்காமல் கூட வந்திருந்த அவள் மகனைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மாவுக்கு மோஷன் போச்சா?"

மகன் விழித்தான். அம்மாவின் வயிற்றைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அது அவனுக்காகப் பட்டினி கிடந்தது மட்டும்தான். அண்ணியே பதில் சொன்னாள். டாக்டர் அதையும் மகனிடமிருந்து வந்த பதிலைப் போலவே கேட்டுக்கொண்டார். அவர் கை வயிற்றில் படுவதற்குள் வலி போய்விட்டிருந்தது. வரும், போகும், அந்த வலியின் குணமே அதுதான்.

"டாக்டரப் பாத்ததும் வலி ஓடிடுச்சா பாட்டி?" என்று சிரித்தார். "கேஸ்தான். இந்த வயசுல சகஜம்."

"கேஸ் முறுக்குமா தம்பி?" என்றாள் அண்ணி.

"வயித்துவலின்னா எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

வாயாடி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "டாக்டர், ஒருவேளை கர்ப்பப்பை பக்கம் ஏதாச்சும்..."

"அதெல்லாம் நின்னு எத்தனை காலமாச்சு? அங்க இப்ப என்ன இருக்கு?"

பக்கத்தில் நின்ற நர்ஸும் புன்னகைத்தாள். வாயாடிக்கு வாய் அடைத்துப்போனது. அவள் வாழ்க்கையில் அது அடிக்கடி நடக்கிற காரியமல்ல. குழாயில் தண்ணீர் நின்றுவிட்டால் சுவருக்குள் குழாயே இல்லை என்று ஆகிவிடுமா? இதோ நிற்கிற இந்த மகனை அதே இடத்தில் வைத்துத்தான் சுமந்தாள். அன்றைக்கு அந்த இடத்தைத் தடவிப் பார்க்காத ஆளில்லை. மாமியார் முதல் பக்கத்து வீட்டுக்காரி வரை எல்லாருக்கும் அதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது. வேலை முடிந்ததும் அதைக் காலி செய்த வீடுபோலப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

எதற்கும் ஒரு ஸ்கேன் பார்க்கலாம் என்றார்கள். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு ஸ்கேன் அறை வாசலில் இருக்கச் சொன்னார்கள். பெஞ்சில் ஏகப்பட்ட கூட்டம். பெயர் கூப்பிடுகிற ஆள், மூச்சுவிடக்கூட இடமில்லாத கால்சட்டையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

"இதைத் துவைக்கணும்னா ஆளோடதான் ஊறப்போடணும் அண்ணி."

அண்ணி சிரித்துவிட்டாள். வலி விட்டிருந்த நேரம், வாய்விட்டே சிரித்தாள். அடுத்த கணம் முகம் மாறியது. "பாவி, சிரிக்க வச்சுட்டியே" என்று புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடினாள். திரும்பி வந்து உட்கார்வதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஸ்கேன் டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யூரின் பை நிரம்பலையே, கீழ தெரியாது. சரி, மேல பாத்துடறேன்."

மேலே பித்தப்பையில் ஒரு சின்னக் கல் இருந்தது. எல்லாருக்கும் ஏக சந்தோஷம். வலிக்கு ஒரு சொந்தக்காரன் கிடைத்துவிட்டான். வலிப்பது அடிவயிற்றில், கல் இருப்பது விலா ஓரத்தில் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஊசி போட்டார்கள். டிரிப்ஸ் ஏற்றினார்கள். மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

மறுநாள் மகன் ஆட்டோவோடு வந்தபோது அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிச் சுருண்டு கிடந்தாள். காலையிலிருந்து அவள் பேசவில்லை. வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்கிற முடிவுக்கு அவள் வந்துவிட்டாள் என்பதுதான் வாயாடியைப் பயமுறுத்தியது. அண்ணியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

"கிளம்பலாம் அத்தை" என்றான் மகன்.

வாயாடி கட்டிலின் ஓரத்தில் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டாள். "போகல."

"டாக்டருக்குத் தெரியாததா அத்தை?"

"தெரியலன்னு நான் சொன்னனா? பாக்கல. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு."

எழுந்து நேராக ஸ்கேன் அறைக்குப் போனாள். கால்சட்டைக்காரன் மறித்தான். அவனைத் தாண்டிக் கதவைத் தள்ளினாள்.

"டாக்டர், நேத்து எங்க அண்ணிக்கு ஸ்கேன் பாத்தீங்க. கீழ பாத்தீங்களா?"

"பை நிரம்பலன்னு சொன்னனே."

"அப்ப நிரப்பிட்டு வான்னு ஏன் சொல்லல?"

ஸ்கேன் டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம். தினமும் நடக்கிற காரியத்தைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "வயசானவங்களால அடக்க முடியாதும்மா. வரிசை நின்னுபோகும். அதனால அவங்களுக்கு மேல் வயிறு மட்டும் பாத்துட்டு விட்டுடுவோம். பெரும்பாலும் கீழ ஒண்ணும் இருக்காது."

அப்படியானால் நேற்று ஒருநாள் விட்டுப்போனதல்ல. இந்த வாசலில் உட்கார்ந்து அடக்க முடியாமல் போன ஒவ்வொரு பெண்ணுக்கும் பாதி வயிற்றைத்தான் பார்த்திருக்கிறார்கள். வாயாடிக்குக் காது சூடானது. கத்தலாம், அவளுக்கு நன்றாகக் கத்தவரும். ஆனால் கத்தினால் வெளியே தள்ளுவார்கள், அண்ணி ஆட்டோவில் ஏறுவாள்.

"நாங்க அடக்கிட்டு வர்றோம். நீங்க பாருங்க. அவ்வளவுதான்."

அண்ணி தண்ணீரை மிடறு மிடறாகக் குடித்தாள். கொஞ்சம் வாந்தியாக வெளியே வந்தது, மறுபடி குடித்தாள். டிரிப்ஸ் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. அதே பெஞ்சு. அதே கால்சட்டை. வலி வந்தது. அண்ணியின் நகங்கள் வாயாடியின் மணிக்கட்டில் பதிந்தன.

"ஒரு வார்த்தை பேசாத" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "நீ பேசினா நான் சிரிப்பேன். சிரிச்சா போச்சு."

வாயாடி தலையாட்டினாள். எதிரே ஒரு பெரியவர் தன் செருப்பு என்று நினைத்து அடுத்தவர் செருப்பில் காலை நுழைக்கப் போராடிக்கொண்டிருந்தார். கால்சட்டைக்காரன் குனிந்து எதையோ எடுக்கப்போய், பாதியிலேயே யோசித்து நிமிர்ந்தான். சொல்வதற்கு நாக்கு நுனியில் எவ்வளவோ இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கினாள். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு அண்ணி வந்த நாளிலிருந்து இருவரும் இப்படிப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. அண்ணியின் உதடு நீலம் பாரித்திருந்தது. கண்ணீர் மட்டும் கேட்காமல் வழிந்தது. அதை யாரும் அடக்கச் சொல்லவில்லை.

உள்ளே, கருவி தொப்புளுக்குக் கீழே இறங்கியதும் ஸ்கேன் டாக்டரின் கை நின்றது. மறுபடி நகர்ந்தது. மறுபடி அதே இடத்தில் நின்றது. அவர் போனை எடுத்து, "மகப்பேறு டாக்டர உடனே வரச்சொல்லுங்க" என்றார். குரலில் பழைய நிதானம் இல்லை.

வந்த டாக்டரம்மா மகனைப் பார்க்கவில்லை. அண்ணியின் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"எப்படிம்மா வலிக்குது?"

இத்தனை பேரில் அவளிடம் அதைக் கேட்ட முதல் ஆள். அண்ணி கையைத் தூக்கி, காற்றில் ஒரு விரிப்பை முறுக்கிக் காட்டினாள்.

"அதேதான்" என்றார் டாக்டரம்மா. பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "சினைப்பையில கட்டி. அது காம்போட முறுக்கிக்கிட்டிருக்கு, ரத்தம் போகல. இவங்க அடக்கணும்னு என்ன இருக்கு? குழாய் வச்சு நிரப்பியிருக்கலாம், உள்வழியாப் பாத்திருக்கலாம். நேத்தே!"

ஸ்கேன் டாக்டர் மெதுவாக, "இந்த வயசுல இது ரொம்ப அபூர்வம் மேடம்" என்றார்.

பார்க்காத இடத்தில் எல்லாமே அபூர்வம்தான் என்று வாயாடி நினைத்தாள். சொல்லவில்லை. பேசாதே என்ற அண்ணியின் உத்தரவு இன்னும் அமலில் இருந்தது.

"உடனே ஆபரேஷன்" என்றார் டாக்டரம்மா. "எவ்வளவு கெட்டுப்போயிருக்குன்னு திறந்தாத்தான் தெரியும். கட்டி எந்த மாதிரின்னும் அப்புறம்தான் சொல்ல முடியும்."

தள்ளுவண்டியில் ஏற்றும்போதுதான் அண்ணியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. அடியிலிருந்த விரிப்பு நனைந்தது. வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இப்ப பேசலாமா அண்ணி?" என்று வாயாடி அவள் காதருகே குனிந்தாள்.

"பேசித் தொலை."

வாயாடி வாயைத் திறப்பதற்குள் வண்டி கதவுக்குள் போய்விட்டது.

நர்ஸ் ஓரமாகப் போட்டுவிட்டுப் போன விரிப்பை வாயாடி எடுத்துக்கொண்டாள். அது வீட்டிலிருந்து கொண்டுவந்தது; அவர்களே துவைத்தது. கழிவறை வாசலில் இருந்த தொட்டியில் அலசினாள். மகன் பின்னாலேயே வந்து நின்றான்.

"எனக்குத் தெரியல அத்தை" என்றான். அவள் அவனைப் பார்க்காமல் விரிப்பின் மறுமுனையை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு எதிரே நின்றான். அவள் முறுக்கினாள். தண்ணீர் தாரையாக ஊற்றியது. பிறகு அவனைத் திருப்பச் சொல்லித் தலையசைத்தாள்.

பிழிந்து பழக்கமில்லாதவன். எதிர்ப்பக்கம் திருப்பினான். அவள் ஏற்றிய முறுக்கெல்லாம் ஒவ்வொரு சுற்றாக அவிழ்ந்தது. விரிப்பு அவர்களுக்கு நடுவே தொய்ந்து, அகன்று, தண்ணீர் சொட்டிக்கொண்டு கிடந்தது.

"தப்பா அத்தை?"

தப்பு என்று அவள் சொல்லவில்லை. அவன் இன்னொரு சுற்று அவிழ்ப்பதை, அண்ணியை உள்ளே வைத்து மூடிய அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, பார்த்துக்கொண்டிருந்தாள்.