மழை வெள்ளை, குளிர் வெள்ளை

1

இந்தக் கதை ஓர் உத்தரவிலிருந்து பிறந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில், பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடி அக்கா என்னிடம் சொன்னாள்: "நீதான் கதை எழுதுறவனாச்சே. அவ வேணும்னே போட்டாளா, தெரியாமப் போட்டாளான்னு நீயே யோசிச்சுக் கண்டுபிடி."

'அவ' என்றால் அண்ணி. போட்டது காளான். சாப்பிட்டது அண்ணன். கண்ணும் தோலும் மஞ்சளாகி அவன் உள்ளே கிடந்தபோது நடந்த பேச்சு இது. இப்போது பிழைத்துவிட்டான், பதற வேண்டாம். (இதை முதலிலேயே சொல்லக் கூடாது என்பார்கள். சொல்லிவிட்டேன். நீங்கள் தவித்துக்கொண்டிருக்க வேறு விஷயம் இருக்கிறது.)

அந்த வேறு விஷயம் இதுதான். நாளைக்கு அண்ணனை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எந்த வீட்டுக்கு? அக்கா தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்து வைத்துவிட்டாள். அண்ணி தங்கள் வீட்டில் போர்வைகளைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். அண்ணனோ இருவர் முகத்தையும் பார்க்காமல் சுவரைப் பார்த்து, "தம்பி என்ன சொல்றானோ அதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன் அவன். ஊரில் உள்ளவர்களையெல்லாம் ஏற்றி இறக்கிவிட்டு, தன் விஷயத்தில் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டான்.

அந்தத் தம்பி நான்தான். எழுதிப் பார்த்தாலாவது தெரியுமா என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "மழை தாமதமாக வந்த அந்த வருடம், மேட்டுக் காட்டின் இலைச் சருகைத் தள்ளிக்கொண்டு வெள்ளை வெள்ளையாகக் குடைகள்—"

(அடித்துவிட்டேன். அழகாக இருக்கிறது. நான் அழகாக எழுத ஆரம்பித்தால் எதையோ மூடி மறைக்கிறேன் என்று அர்த்தம்.)

இரண்டாவது: "அவள் கத்தியை நிதானமாகத் துடைத்தாள். அவள் கண்களில்—"

(கண்களில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அன்றைக்கு அங்கே இல்லவே இல்லை.)

மூன்றாவது: "பூமி சூடாவதன் விளைவாகக் காளான்கள் முளைக்கும் பருவம்—"

(கொட்டாவி வருகிறதா? எனக்கும்தான்.)

என் சங்கடம் இந்த இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருக்கிறது. கொலை என்றால் கதை. வெயில் என்றால் கட்டுரை. எனக்குக் கதைதான் எழுத வரும். ஆகவே எனக்கு அண்ணி குற்றவாளியாக இருந்தால் வசதி. இதை உங்களிடம் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இனி நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் நீங்கள் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

3

இப்போது கொஞ்சம் தொழில் விஷயம். சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

அண்ணி வேலை பார்ப்பது ஒரு காளான் கொட்டகையில். தகரக் கூரை, நீளமான மேஜைகள், சுவரோரம் உலர்த்தும் அடுக்குகள். பெண்கள் காட்டிலிருந்து பறித்து வருவதை அங்கே பிரித்து, துடைத்து, பெட்டி போடுகிறார்கள். அந்தக் காட்டில் வெள்ளைக் காளான் இரண்டு வகை. முதல் மழைக்குப் பிறகு வருவதை மழை வெள்ளை என்பார்கள். அது நல்லது. குளிர் இறங்கிய பிறகு வருவது குளிர் வெள்ளை. அது ஆளைக் கொல்லும். தரைக்கு மேலே இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான். மண்ணுக்குள் புதைந்திருக்கும் அடிப்பாகத்தில் குளிர் வெள்ளைக்கு மட்டும் ஒரு பை, கிழிந்த உறை மாதிரி இருக்கும்.

ஆனால் அந்தப் பையை யாரும் பார்ப்பதில்லை. தரைமட்டத்தில் கத்தியால் அறுத்து எடுப்பதுதான் கொட்டகையின் பழக்கம். மண் ஒட்டாது, துடைக்கிற வேலை மிச்சம், அடியில் இருக்கிற பூஞ்சை இழையும் கலையாது. நல்ல பழக்கம் என்று எல்லோரும் மெச்சிக்கொண்ட பழக்கம். பையைப் பார்க்கவேண்டிய தேவையும் இருந்ததில்லை. மழை வெள்ளை முடிந்து குளிர் வெள்ளை வருவதற்குள் நடுவில் மழையில்லாத ஒரு வறண்ட காலம் வரும், கொட்டகையைப் பூட்டிவிடுவார்கள். அவர்கள் காளானைப் பார்த்துப் பிரிக்கவில்லை. பருவத்தைப் பார்த்துப் பிரித்தார்கள்.

இந்த வருடம் வெயில் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. மழை மிகத் தாமதமாக, குளிரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தது. வழக்கம்போல முதல் மழைக்குக் கொட்டகையைத் திறந்தார்கள். முதல் நாள் பறிப்பை விற்க மாட்டார்கள். அவரவர் கூடை அவரவர் வீட்டுக்கு. அண்ணியின் கூடை அண்ணனின் தட்டுக்கு வந்தது.

(பார்த்தீர்களா, எவ்வளவு கச்சிதமாக எல்லாம் பொருந்துகிறது? இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.)

4

அக்காவின் வாதம்.

"மத்த பொண்ணுங்களும்தானே அன்னைக்குப் பறிச்சாங்க? அவங்க வீட்ல எவனுக்காவது தலைவலியாவது வந்துச்சா?"

வரவில்லை.

"எல்லாரும் கீழ்ச் சரிவுல பறிச்சாங்க. இவ மட்டும் ஏன் தனியா மேல போனா?"

தெரியாது.

"அவன் தட்டு நிறைய சாப்பிட்டான். இவ ஒரு வாயாவது வெச்சாளா?"

வைக்கவில்லை. நாளெல்லாம் அந்த வாசனையிலேயே இருப்பதால் காளானைக் கண்டாலே குமட்டும் என்பார் அண்ணி. போன வருடம் அவர் சாப்பிட்டதைப் பார்த்ததாக எனக்கு ஒரு ஞாபகம். அது அண்ணிதானா, அது காளான்தானா என்று கேட்டால் சத்தியம் பண்ண மாட்டேன். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

"சண்டை வேற" என்றாள் அக்கா. சண்டை உண்மைதான். அண்ணன் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, கிடைத்த பிறகுதான் வீட்டில் சொன்னான். அண்ணி பல நாள் அவனோடு பேசவில்லை. பேச்சு திரும்பிய அன்றைக்குத்தான் வெண்ணெயில் வதக்கிய காளான். சமாதானமா, சதியா? ஒரே தட்டு இரண்டுக்கும் பொருந்துகிறது.*

* இந்த வரி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆகவே இதையும் நம்பாதீர்கள்.

5

ஒரு நிபுணரைப் போய்ப் பார்த்தேன். காளான் ஆராய்ச்சிக்காரர். எதையும் கண்ணாடி வைத்தே பார்ப்பதால் கொட்டகையில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அவர் அறையில் ஈர மண் வாடை. ஜன்னலோரம் கண்ணாடிக் குப்பிகள். மேல் சரிவுக்குப் போய்ப் பார்த்து வந்திருந்தார்.

"ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலயே நிக்குது. நானே கையில எடுத்தேன்."

"கீழ்ச் சரிவுல?"

"அங்க மழை வெள்ளை மட்டும்தான். மேல குளிர்ச்சி அதிகம் இல்லையா, அங்க குளிர் வெள்ளை முந்திக்கிச்சு."

"அப்ப எங்க அண்ணிக்குத் தெரிஞ்சிருக்காதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னைக் கேட்டா? நான் காளானைப் பாத்துச் சொல்லுவேன். ஆளைப் பாத்துச் சொல்லத் தெரியாது."

எரிச்சலாக வந்தது. எல்லாவற்றையும் வானிலை மேல் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், அதற்கும் விடவில்லை மனுஷன். யோசித்தால் வானிலையை விட வசதியான குற்றவாளி கிடையாது. எவ்வளவு பழியையும் தலையில் போட்டுக்கொள்ளும், எதிர்த்துப் பேசாது, வக்கீல் வைக்காது. உண்மையாகவே குற்றம் செய்திருந்தாலும் அப்படித்தான் நிற்கும். ஒளிய இடம் தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல மறைவு எது? இந்த வருடம் மேல் சரிவில் இரண்டும் சேர்ந்து முளைத்தன என்பது நிஜம். அந்த நிஜம் அண்ணியைக் காப்பாற்றுகிறதா, அவருக்குக் கைகொடுத்ததா என்பதுதான் தெரியவில்லை.

6

அண்ணியை நேரிலேயே கேட்டுவிடலாம் என்று கொட்டகைக்குப் போனேன். இப்போது அங்கே கத்தி கிடையாது. வேரோடு பிடுங்கி வரச் சொல்லிவிட்டார்கள். மேஜை முழுக்க மண். அண்ணி ஒவ்வொன்றையும் தலைகீழாகத் திருப்பி, அடியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"வாங்க தம்பி. அக்கா அனுப்பினாங்களா, நீங்களா வந்தீங்களா?"

"நானாத்தான்."

"சரி, கேளுங்க."

"ஏன் அண்ணி மேல் சரிவுக்குப் போனீங்க?"

"கீழ ஆளுங்க மொய்ச்சுட்டாங்க. கூடை நிறைய கொண்டு போகணும்னு நெனச்சேன். அவருக்குப் பிடிக்கும்."

"அங்க குளிரா இருந்துச்சே. சந்தேகம் வரலியா?"

அப்போதுதான் கை நின்றது. "முதல் மழை விழுந்தா முதல் காளான். அதுக்கு மேல என்னைக்குமே யோசிச்சதில்ல தம்பி. குளிருதேன்னு சால்வையை இழுத்துப் போத்திக்கிட்டேன். அவ்வளவுதான்."

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ஒரு பொய்க்காரிக்கு இந்த வரி தோன்றுமா? எனக்குத் தோன்றியிருக்காது. ஆனால் நான் சுமாரான எழுத்தாளன். அண்ணி என்னைவிடக் கெட்டிக்காரி.

"நீங்க எழுதுறீங்களாமே" என்றார். "நான் என்ன பண்ணேன்னு எழுதியிருக்கீங்க?"

"இன்னும் முடிவு பண்ணலை."

"ஓ. நீங்கதான் முடிவு பண்ணணுமா?"

மேஜையிலிருந்து ஒரு காளானை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பை இருந்ததா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை. மண்ணாக இருந்தது. அண்ணி அதை என் கையிலிருந்து வாங்கி, தனியாக இருந்த வாளியில் போட்டார். பிறகு, "போய்க் கையை நல்லாத் தேச்சுக் கழுவுங்க" என்றார்.

7

தயாராக இருக்கும் முடிவுகள்:

அ) அண்ணி அழுதுகொண்டே ஒப்புக்கொள்கிறார். (அழுகிற ரகமில்லை அவர்.)

ஆ) அண்ணியைப் பிடித்துப்போனவர்களுக்கு: அடுத்த வருடம் அக்காவே அதே சரிவில் தெரியாமல் பறித்து— (சீ, மலிவு.)

இ) எல்லோரும் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். (விருது கிடைக்கலாம். எனக்கு வாந்தி வரும்.)

ஈ)

(இங்கே ஏதோ எழுத நினைத்திருந்தேன். அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது.)

8

மேலே இருப்பதெல்லாம் நேற்று எழுதியது. இனி எழுதுவது இன்று நடந்தது. இதில் என் கைவரிசை எதுவும் கிடையாது.

என்னால் முடிவெடுக்க முடியவில்லை. "முதல்ல உங்க வீட்டுக்குப் போவோம், சாயங்காலம் பாத்துக்கலாம்" என்று அண்ணன் அண்ணியிடம் மழுப்பினேன். அக்கா கூடவே வந்தாள். அவள் கார் வாசலில் நிற்கிறது, அண்ணனின் பை இன்னும் அதற்குள்தான் இருக்கிறது.

அண்ணன் சமையலறை மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தான். உடம்பு பாதியாகிவிட்டது. அண்ணி அவன் முன்னால் ஒரு கிண்ணம் சூப் வைத்தார். கேரட், உருளைக்கிழங்கு, கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான். காளான் இல்லை. அந்த வீட்டுக்குள் இனி அது வராது.

அண்ணன் ஸ்பூனை எடுத்தான். சூப்பில் விட்டான். தூக்கினான். பாதி வழியில் கை நின்றுவிட்டது.

"நீ ஒரு வாய் சாப்பிடேன்" என்றாள் அக்கா அண்ணியிடம். குரலைத் தாழ்த்தி, நல்லவிதமாகத்தான் சொன்னாள். "அவன் மனசுக்கு ஒரு தெம்பா இருக்கும்."

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"மாட்டேன்" என்றார். "இன்னைக்கு நான் முதல்ல சாப்பிட்டுக் காட்டினா, நாளைக்கும் காட்டணும். தண்ணி குடுத்தாக்கூட ஒரு வாய் குடிச்சுட்டுத்தான் குடுக்கணும். சாகிற வரைக்கும் அப்படி என்னால வாழ முடியாது. நம்பிக்கை இருந்தா அவர் சாப்பிடட்டும். இல்லேன்னா எந்திரிச்சு உங்ககூட வரட்டும். நான் கோவிச்சுக்க மாட்டேன்."

கோபப்படமாட்டேன் என்று சொன்னபோதுதான் அவர் குரல் உடைந்தது. அந்தக் குரலை நம்பினேன். நம்பிய மறுகணம், இப்படி உடையவேண்டிய இடத்தில் சரியாக உடைகிறதே என்றும் நினைத்தேன். இந்தப் புத்தியை வைத்துக்கொண்டு நான் எப்படி உருப்படுவேன்?

அண்ணன் என்னைப் பார்க்கிறான். ஸ்பூன் அவன் வாய்க்கும் கிண்ணத்துக்கும் நடுவில். ஒரு சொட்டு மேஜையில் விழுந்துவிட்டது. "சொல்லுடா" என்கிறான்.

நான் தலையாட்டினால் அவன் சாப்பிடுவான். ஆட்டாவிட்டால் எழுந்துவிடுவான். இவ்வளவு பக்கம் எழுதியும் எனக்கு அந்தத் தலை அசையவில்லை. நீங்களும் ஆரம்பத்திலிருந்து என்னோடுதான் இருக்கிறீர்கள், நான் பார்த்ததையெல்லாம் பார்த்தீர்கள், என் சந்தேகங்களில் சிலவற்றையாவது உங்களுடையதாக்கிக்கொண்டும் இருப்பீர்கள். அண்ணி இப்போது யாரையும் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, நகக்கண்ணில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

சூப் ஆறுகிறது. அண்ணன் கேட்பது இனி என்னை அல்ல. அவனுக்குச் சொல்லுங்கள்.