ஸ்டீரிங் மேல் சத்தியம்

துணி சிவந்துவிட்டது.

சவுரியப்பன் முதலில் தன் கையைத்தான் பார்த்தான். எங்கேயாவது கிழித்துக்கொண்டோமோ என்று பத்து விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை. துணியை மறுபடி சோப்பு நுரையில் நனைத்துப் பிழிந்து, ஸ்டீரிங்கின் தையல் ஓரமாக ஒரு இழுப்பு இழுத்தான். மறுபடியும் சிவப்பு. திங்கட்கிழமை காலை ஏழு மணி. கார் ஷெட்டுக்குள் நல்ல வெளிச்சம். கண் ஏமாற வழியே இல்லை. ரத்தம்!

நல்லம்பள்ளி கடலை மில் மாதப்பனிடம் சவுரியப்பன் ஒன்பது வருஷமாக டிரைவர். கார், மாதப்பன் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் துரையிடம் பழசாக வாங்கியது. துரை ஊருக்குக் கிளம்பும்போது விட்டுப்போன சொகுசுகளில் ஒன்றுதான் அந்த ஸ்டீரிங். வட்டம் முழுக்கத் தோல் போர்த்தி, உள்பக்கம் மெழுகு நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தது. என்ன தோல் என்று மாதப்பன் கேட்டதற்கு, "ஆட்டுத் தோலுங்க" என்று சவுரியப்பன் கூசாமல் சொன்னான். மாட்டுத் தோல் என்றால் மனுஷன் அன்றைக்கே பிய்த்துப் போட்டிருப்பார்.

அந்தத் தோலுக்கு அவன் செய்த ஊழியத்தைப் பெற்ற தாய்க்குச் செய்திருந்தால் ஊரே கொண்டாடியிருக்கும். வாராவாரம் திங்கட்கிழமை ஈரத்துணியில் கொஞ்சம் சோப்பு நுரை. தண்ணீர் சொட்டக் கூடாது, சொட்டினால் தோல் விறைத்துவிடும். தையலுக்குள் இருக்கும் அழுக்குக்குப் பழைய பல் பிரஷ். பிறகு காய்ந்த துணி. பிறகு உள்ளங்கையில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு, கை சூடாகும்வரை தேய்த்து, அந்தச் சூட்டோடு வட்டம் முழுக்க ஒரு தடவல். ஒரு மணி நேரம் நிழலில் விட்டு, வழுக்கல் போகும்வரை மறுபடி துடைக்க வேண்டும். எண்ணெய் மிச்சமிருந்தால் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் எமனைப் பார்க்கலாம். ஆயுத பூஜைக்குக்கூட அவன் ஸ்டீரிங்கில் மஞ்சளோ குங்குமமோ வைக்க விட்டதில்லை. "பானெட்டு மேல எவ்வளவு வேணும்னாலும் பூசுங்க. தோலுக்கு ஆகாதுங்க" என்று குறுக்கே நின்றுவிடுவான்.

அப்படிப்பட்ட ஸ்டீரிங்கில் ரத்தம்.

காரைச் சுற்றி வந்தான். பம்பரைத் தடவினான். மண்ணில் படுத்து அடியில் பார்த்தான். ஒரு நெளிசல் இல்லை, ஒட்டின மயிர் ஒன்று இல்லை. ஆனாலும் பயந்தவன் மூளை எங்கே வேலை செய்கிறது? எவனோ வண்டியை எடுத்திருக்கிறான், யாரையோ அடித்துப் போட்டிருக்கிறான், ரத்தக் கையோடு திருப்பி ஓட்டிவந்து நிறுத்தியிருக்கிறான். நாளைக்குப் போலீஸ் வரும். டிரைவர் யார் என்று கேட்கும். துணியை மடித்து மடியில் சொருகிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

அவன் மனைவி ஆரோக்கியம்மாள் வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, மொகமெல்லாம் இப்படி வெளுத்துக் கெடக்குது?"

அவன் துணியை நீட்டினான். அவள் வாங்கி மோந்து பார்த்தாள்.

"சோப்பு போட்டுத் தொடச்சீங்களா?"

"ஆமா."

அவள் சிரித்த சிரிப்பில் முறத்திலிருந்த கேழ்வரகு பாதி கீழே கொட்டிவிட்டது. "அட என் சாமி! இது மஞ்சளுங்க. மஞ்சள்ல சோப்பு பட்டா செவந்துரும். ஆரத்திக்கு மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போடுறாங்களே, எதுக்குன்னு நெனச்சீங்க?" உள்ளே போய்ப் புளித்தண்ணீர் கொண்டுவந்து துணியை முக்கினாள். அவன் கண்ணெதிரே ரத்தம் மஞ்சளாகிவிட்டது.

சவுரியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் வந்த உயிர் உட்காரக்கூட இல்லை. மஞ்சள் என்றால் பொம்பளைக் கை அல்லவா? அவன் ஸ்டீரிங்கை ஒரு பொம்பளை பிடித்திருக்கிறாள்! சும்மா தொட்டதில்லை, தையலுக்குள் இறங்கும்படி இறுக்கிப் பிடித்திருக்கிறாள். மாதப்பன் வீட்டில் பெண்கள் இரண்டே பேர். சமையல்கார ராமக்காளுக்கு எழுபது வயது, கண்ணில் புரை. இன்னொருத்தி முதலாளியம்மா தீர்த்தம்மாள். நாற்பத்தைந்து வயது. கோயிலுக்கும் விசேஷத்துக்கும் பின்சீட்டில் உட்கார்ந்து போவாள், அதே மாதிரி உட்கார்ந்து வருவாள். ஒன்பது வருஷத்தில் அவனிடம் பத்து வாக்கியம் பேசியிருந்தால் அதிகம். அந்த அம்மாளை நினைப்பதே பாவம் என்று சவுரியப்பன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். ஏதோ ஆசைக்குத் தொட்டுப் பார்த்திருப்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனான்.

வெள்ளிக்கிழமை இடி விழுந்தது.

மாதப்பன் ரோட்டைப் பார்ப்பதைவிட மைல் மீட்டரை அதிகம் பார்க்கிற ஆள். சனிக்கிழமை சாயங்காலம் மீட்டர் காட்டுகிற எண்ணை ஷெட்டுச் சுவரில் கரியால் எழுதிவைத்து, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒத்துப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை சவுரியப்பன் தர்மபுரிக்குப் பஸ் ஏறி அந்தோணியார் கோயில் பூசைக்குப் போய்விடுவான். மாதப்பன் ஊரின் அந்தக் கோடியிலிருக்கும் மில்லில் மெஷின் ரிப்பேரைக் கவனிக்கப் போய்விடுவார். வண்டி ஷெட்டிலேயே கிடக்கும். கிடக்க வேண்டும்.

"மூணு வாரமா ஞாயித்துக்கெழம பதினாலு மைலு ஓடியிருக்குது" என்றார் மாதப்பன். "யாருக்கு வாடகைக்கு ஓட்டுற?"

"அய்யோ, நான் கோயில்ல இருக்கறனுங்க!"

"கோயில்ல இருக்கறவன் தொப்பூர்ல எப்படி இருப்ப? டேய் மாயவா, சொல்லு."

தொப்பூர் ரோட்டில் டீக்கடை வைத்திருக்கும் மாயவன் முன்னால் வந்தான். பொய் சொல்கிற ஆள் இல்லை. "மூணு ஞாயிறா நான் பாத்தனுங்க. இதே காரு. காக்கிச் சட்டை, தலையில துண்டு. நான் கையக் காட்டுனேன், சவுரியண்ணன் திரும்பிக்கூடப் பாக்கல."

சவுரியப்பன் மாயவனை உற்றுப் பார்த்தான். தான் முழங்காலில் நின்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் தானே காரும் ஓட்டியிருக்கிறோம்! காக்கிச் சட்டையையும் துண்டையும் சாவியையும் சனிக்கிழமை சாயங்காலம் ஷெட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போவது அவன் வழக்கம். அது இப்போது ஞாபகம் வந்தது. கூடவே புளித்தண்ணீரில் மஞ்சளாக மாறிய துணியும் ஞாபகம் வந்தது. முதல் இரண்டு ஞாயிறும் அந்தக் கையை நன்றாகத் துடைத்திருக்க வேண்டும், துணி சிவக்கவில்லை. வாயைத் திறக்கப் போனவன் மூடிக்கொண்டான். துணியைப் பற்றிச் சொன்னால், வீட்டுப் பொம்பளையைச் சந்திக்கு இழுத்தவன் ஆவான்.

"கோயில்ல இருந்தேன்னு சொல்ல உங்க ஆளுங்க நாலு பேரு வருவாங்க, அது எனக்கு வேணாம்" என்றார் மாதப்பன். "உங்க அந்தோணியார் மேல சத்தியமும் வேணாம். சனிக்கெழம சாமியார் காதுல பாவத்தச் சொன்னா அங்க மன்னிச்சுருவாங்க. ஸ்டீரிங் மன்னிக்காது. வர்ற திங்கக்கெழம எல்லார் முன்னாலயும் கற்பூரம் கொளுத்தி, ஸ்டீரிங் மேல கைய வெச்சுச் சொல்லணும். 'நான் எடுக்கல. எடுத்தது யாருன்னும் எனக்குத் தெரியாது.' சொல்லிட்டா நீ என் டிரைவரு. கை கூசுனா சாவியக் குடுத்துட்டுப் போயிரு. அப்பறம் இந்தச் சுத்துவட்டாரத்துல எவனும் உன் கையில சாவி குடுக்க மாட்டான்."

ஞாயிற்றுக்கிழமை சவுரியப்பன் பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பூசைக்குப் போகவில்லை. ஷெட்டின் மூலையில் கடலை மூட்டைகளுக்குப் பின்னால் குந்தியிருந்தான். எட்டு மணிக்கு மாதப்பன் மில்லுக்குக் கிளம்பினார். எட்டேகாலுக்கு ஷெட்டுக் கதவு திறந்தது.

தீர்த்தம்மாள்தான்.

குளித்து மஞ்சள் பூசிய முகம். புடவை மேலேயே அவனுடைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டாள். கைகளைப் புடவையில் துடைத்தாள், அதுவும் சரியாகத் துடைக்கவில்லை. கதவைத் திறந்து உட்கார்ந்து சோக்கை இழுத்தாள், ஸ்டார்ட்டரை மிதித்ததும் முதல் தடவையிலேயே இன்ஜின் ஓடிவிட்டது. அவனுக்கே இரண்டு தடவை ஆகும்! கார் வெளியே போனது. சவுரியப்பன் அடி விழுந்தவன் மாதிரி மூட்டைமேல் சாய்ந்துகொண்டான். மூட்டைக்குள்ளிருந்து எலி ஒன்று ஓடியது, அதைக்கூட அவன் விரட்டவில்லை.

அரை மணி நேரத்தில் கார் திரும்பி வந்தது. இன்ஜினை நிறுத்திய பிறகும் அவள் இறங்கவில்லை. இரண்டு கையையும் ஸ்டீரிங்கில் வைத்தபடி கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளுக்குப் பல் வரிசை இவ்வளவு அழகு என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். எழுந்திருக்கப் போய் மூட்டையைச் சரித்துவிட்டான்.

"யாரு?" என்று பதறினாள். பிறகு, "நீயா?" என்றாள். சிரிப்பு மறைந்துவிட்டது.

"எங்கங்க போறீங்க?" என்று கேட்டான்.

"எங்கயும் போவல. தொப்பூர் வளைவு வரைக்கும் போவேன். திருப்பிக்கிட்டு வந்துருவேன்."

"எதுக்குங்க?"

"எதுக்குன்னா... ஓட்டறதுக்கு."

யாரையாவது பார்க்கப் போனேன், கோயிலுக்கு நேர்த்திக்கடன் என்றால் அவனுக்குப் புரியும். சும்மா ஓட்டுவதற்காக ஒரு பொம்பளை கார் ஓட்டுவாளா?

"யாருங்க சொல்லிக் குடுத்தாங்க?"

"நீதான்" என்றாள். "ஒம்பது வருசமா பின்னாடி உக்காந்து உன் கையத்தான பாத்துக்கிட்டு வர்றேன். வளைவு வர்றதுக்கு முன்னால நீ மோதிர வெரலால ரெண்டு தட்டு தட்டுவ. அப்பறந்தான் திருப்புவ. நானும் அப்படித்தான் தட்டறேன்."

சவுரியப்பன் தன் விரலைப் பார்த்தான். அப்படித் தட்டுவது அவனுக்கே தெரியாது. கட்டிய பெண்டாட்டிகூட அவனை இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. நாளைக்குச் சத்தியம் என்பதைச் சொல்ல வாய் துடித்தது. ஆனால் அந்தச் சிரிப்பைக் கண்டபிறகு எப்படிச் சொல்வது? கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டான்.

திங்கட்கிழமை காலை மில் ஆட்கள், மாயவன் எல்லோரும் வாசலில் கூடினார்கள். பானெட்டு மேல் பித்தளைத் தட்டில் கற்பூரம் எரிந்தது. சவுரியப்பன் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டீரிங்கைத் தொட்டான்.

"நான் எடுக்கல" என்றான் சத்தமாக.

"ம். மிச்சத்தையும் சொல்லு."

தோல் அவன் கைக்கடியில் வெதுவெதுப்பாக இருந்தது. ஒன்பது வருஷமாக எண்ணெய் தடவித் தடவித் தன் தோலாகவே ஆக்கிக்கொண்ட தோல். அதன்மேல் கை வைத்துப் பொய் சொல்ல அவனால் முடியவில்லை. உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாதப்பன் சாவிக்குக் கையை நீட்டினார்.

"அந்தக் கைய எடு, சவுரியப்பா."

தீர்த்தம்மாள் படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். ஆண்கள் கூடி நிற்கிற இடத்துக்கு அவள் வந்தே யாரும் பார்த்ததில்லை. அவன் கையை விலக்கிவிட்டுத் தன் கையை ஸ்டீரிங்கில் வைத்தாள். "ஓட்டுனது நானு. அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

மாதப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார். "புத்தி பெரண்டு போச்சாடி? போயி அடுப்பப் பாரு."

அவள் சவுரியப்பன் கையிலிருந்து சாவியை வாங்கினாள், ஏறி உட்கார்ந்தாள், கிளப்பினாள். கேட்டின் இரண்டு கல் தூணுக்கு நடுவே பின்பக்கமாக வண்டியை எடுப்பது லேசான காரியம் இல்லை. சவுரியப்பனே இரண்டு தடவை உரசியிருக்கிறான். அவள் மோதிர விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். வண்டி நூல் பிடித்த மாதிரி வெளியே போனது. பானெட்டு மேலிருந்த தட்டு மட்டும் கேட்டருகே சரிந்து, கணகணவென்று உருண்டு, கற்பூரம் அணைந்தது.

மாயவன்தான் மெல்ல, "இதே உருவந்தாங்க" என்றான். மாதப்பன் அவனைப் பார்த்த பார்வையில் அவன் தொப்பூருக்கு நடந்தே கிளம்பிவிட்டான். மில் ஆட்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

மாதப்பன் படியில் உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "எங்கடா போறா அவ?" என்று கேட்டார். அந்தக் குரலில் முதலாளியே இல்லை.

"வந்துருவாங்க."

"எப்புடிடா சொல்ற?"

"போவ ஏழு மைலு, வர ஏழு மைலுங்க. அவ்வளவுதான்."

இரண்டு பேரும் கேட்டைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். அரை மணி நேரத்தில் கார் வந்து ஷெட்டுக்குள் நேராக நின்றது. தீர்த்தம்மாள் இறங்கினாள். புருஷனைத் தாண்டி வந்து சாவியைச் சவுரியப்பன் கையில் கொடுத்தாள். "தொடச்சு வெச்சுரு. கையில மஞ்ச இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் துணியைச் சோப்பு நுரையில் நனைத்துப் பிழிந்தான். தையல் ஓரமாக இழுத்ததும் துணி சிவந்தது. இந்தத் தடவை அவன் பயப்படவில்லை. மாதப்பன் பின்னால் வந்து நிற்பதே அவனுக்குத் தெரியவில்லை. அவர் அந்தச் சிவந்த துணியைப் பார்த்தார், ஸ்டீரிங்கைப் பார்த்தார். சுவரில் கரியால் எழுதியிருந்த எண்ணை உள்ளங்கையால் அழித்தார்.

"சவுரி."

"சொல்லுங்க."

"வர்ற ஞாயித்துக்கெழம பூசைக்குப் போயிரு. இங்க நின்னுக்கிட்டு இருக்காத."

சவுரியப்பன் தலையை ஆட்டினான். மாதப்பன் வாசல் வரை போய், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"போறதுக்கு முன்னால அந்த எண்ணெயச் சுத்தமா தொடச்சுட்டுப் போ. அவ கை வழுக்கிரப் போவுது."