மருந்து கெட்ட நாள்

முதல் தடுப்பு மருந்துப் புட்டியைக் கையில் எடுத்தபோதுதான் நர்ஸ் மூடியைப் பார்த்தாள். மூடியின் மேல் ஒரு வட்டம், அதற்குள் சின்னச் சதுரம் இருக்கும். சதுரம் வெளுப்பாக இருந்தால் மருந்து நல்லது. சூடுபட்டால் கறுக்கும். இது முழுக்கக் கறுத்திருந்தது. அடுத்ததும் அப்படியே. எல்லாமே அப்படித்தான்.

வெள்ளத்தால் மூன்று வாரம் சுகாதார ஆபீஸைப் பூட்டி வைத்திருந்தார்கள். கரண்ட் எத்தனை நாள் போயிருந்ததோ, யாருக்கும் தெரியாது. காலையில் அங்கிருந்த மருந்து ஃப்ரிட்ஜ் ஜில்லென்றுதான் இருந்தது. அவசரத்தில் அள்ளி ஐஸ் பெட்டிக்குள் போட்டவள், மூடிகளைப் பார்க்கவில்லை.

வெளியே தகரக் கொட்டகைகளுக்கு நடுவே முப்பத்துநாலு பிள்ளைகளோடு வரிசை நின்றது. எட்டு மாதமாக இவள் நடையாய் நடந்தும் ஒரு கதவுகூடத் திறக்காத இடம். ஊசி போட்டால் பிள்ளை காய்ச்சலில் படுக்கும், வேலைக்குப் போக முடியாது என்பார்கள். இப்போது தட்டம்மையில் நாலு பிள்ளைகள் போய்விட்டன. வரிசையைக் கூட்டி வந்தவளை அந்தப் பக்கம் வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணி லாரிக்காரன்கூட அவளிடம் வாய் கொடுக்க மாட்டான். அவளுடைய மூத்த பையன் செத்துப் பன்னிரண்டு நாள். பதினோரு மாதத்துச் சின்னது இடுப்பில் இருந்தது.

வேன் டிரைவர் புட்டிகளைக் குனிந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "போட்டு விட்டுடுங்கக்கா. யாருக்குத் தெரியப்போகுது? கெடுதல் ஒண்ணும் பண்ணாதில்ல?"

"உடம்புக்குப் பண்ணாது. ஆனா ஊசி போட்டாச்சுன்னு நிம்மதியா இருந்துடுவாங்க. அப்புறம் பிள்ளைக்கு வந்துச்சுன்னா?"

அவள் வரிசையின் முன்னால் போய் நின்றாள்.

"மருந்து கெட்டுப்போச்சு. தப்பு என்னோடது, நான் பார்க்காம எடுத்துட்டு வந்துட்டேன். நாளைக்குக் காலைல நல்ல மருந்தோட வரேன்."

பின்னாலிருந்து இரண்டு பேர் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்கள்.

வக்கீல் மட்டும் கிட்டே வந்தாள். "இவங்க ஒவ்வொருத்தர் கால்லயும் விழாத குறையாக் கூட்டிட்டு வந்தேன் சிஸ்டர். நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்பிடுவேன்?"

"நான் வீடு வீடா வரேன்."

"வா," என்றாள் வக்கீல்.

நகரத்துச் சேமிப்புக் கிடங்கில் இரவு முழுக்கக் காத்துக் கிடந்து நர்ஸ் மருந்து வாங்கினாள். ஒவ்வொரு மூடியையும் இரண்டு தடவை பார்த்தாள். காலை ஒன்பது மணிக்கு வந்தபோது வக்கீல் வாசலில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. கண் சிவந்து, மூக்கு ஒழுகியது. நர்ஸ் அவன் வாயைத் திறந்து பார்த்தாள். கன்னத்தின் உள்பக்கம் உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள், தட்டம்மையின் முதல் அடையாளம்.

"இவனுக்கு இப்ப ஊசி வேணாம். ஆஸ்பத்திரிக்குப் போகணும், உடனே."

வேனில் ஏறுமுன் வக்கீல் தெருவைப் பார்த்துச் சொன்னாள். "நேத்து சிஸ்டர் பொய் சொல்லி ஊசி போட்டிருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்காது. போய்ப் போட்டுக்குங்க."

அன்றைக்கு நர்ஸ் அங்கேயே நின்று இருபத்தாறு பிள்ளைகளுக்குப் போட்டாள். மீதி ஏழு பிள்ளைகளின் வீடுகளில் பூட்டுத் தொங்கியது. பயந்து எங்கோ போய்விட்டார்கள். எங்கே என்று கடைசிவரை தெரியவில்லை.

நேற்றுப் போட்டிருந்தாலும் காய்ச்சல் வந்திருக்கும், முன்னமே தொற்றிவிட்டது என்றார் டாக்டர். வார்டில் நர்ஸ் அதை அப்படியே வக்கீலிடம் சொன்னாள். வக்கீல் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

ஒன்பது நாள் கழித்துப் பிள்ளை பிழைத்து வந்தது. வலது கண்ணில் பார்வை இல்லை. நர்ஸ் வாரம் ஒரு தடவை போய்ப் பார்க்கிறாள். வக்கீல் இப்போதெல்லாம் யாரிடமும் சண்டைக்குப் போவதில்லை. இவள் வந்தால் உட்காரப் பாய் போடுகிறாள். பிள்ளையை மட்டும் இவள் கையில் கொடுப்பதில்லை.