பத்து மீட்டருக்குள் மேஸ்திரி

வள்ளிநாயகியின் ஒன்றரைக் காணிக் கரும்பு பூத்து இருபது நாளாகிவிட்டது. சோரியாங்குப்பம் வழியாகப் போகிறவர்களுக்கு அது அழகான காட்சி. புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வண்டியை நிறுத்தி, வெள்ளைப் பூவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போனது. கரும்பு வைத்திருப்பவளுக்கு அது அழகில்லை. பூத்த கரும்பு வளர்வதை நிறுத்திவிடும். நாளாக ஆக நடுத்தண்டு பஞ்சாகி எடை இறங்கும். பூத்துவிட்டது என்றால், சீக்கிரம் வெட்டு என்று கரும்பே சொல்கிறது என்று அர்த்தம்.

வெட்டலாம் என்று சர்க்கரை ஆலை கொடுத்த உத்தரவு அவள் கையில் இருந்தது. ஆனால் அது திங்கட்கிழமையோடு முடிகிறது. இன்று சனிக்கிழமை. ஆள்தான் இல்லை. அந்தப் பக்கத்துக்கு இருப்பது ஒரே ஒரு வெட்டுக் கூட்டம், பதினான்கு பேர். அவர்களுக்கு மேஸ்திரி மணவாளன். அவர் இரண்டு நாளாகப் போனில் மட்டுமே கிடைத்தார். அதுவும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஊரில் கிடைத்தார்.

வழக்கமாக இதில் எந்தச் சிக்கலும் வராது. முதலில் நட்டவர் முதலில் வெட்டுவார், அவ்வளவுதான். ஆலையின் ஃபீல்டுமேன் நாகராஜன், விவசாயி கரும்புக் கரணை ஊன்றிய அன்றே வரப்பில் நின்று, செங்கல் அளவிலான ஒரு கைக் கருவியில் தேதியைத் தட்டிவிடுவார். வாரம் ஒரு தடவை அந்தக் கருவியைக் கம்பியால் கம்ப்யூட்டரில் செருகி, யார் முன்னால் யார் பின்னால் என்று ஒரு பட்டியல் அச்செடுத்து மேஸ்திரியிடம் கொடுப்பார். அந்தத் தாள் இருந்தால், யார் வாய் கிழியப் பேசினாலும் மணவாளன் அசையமாட்டார். தாளைப் பார்த்துவிட்டால் எதிர்த்தும் பேசமாட்டார்.

இந்த வாரம் தாள் வரவில்லை. நாகராஜனின் கருவி வண்டியிலிருந்து நழுவி வாய்க்காலில் விழுந்துவிட்டது. கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை, அது அதற்கென்றே செய்த முரட்டுச் சாமான். கம்பி செருகும் ஓட்டையில் மட்டும் சேறு அடைத்துக்கொண்டது. அதை நாகராஜன் ஒரு ஊக்கை வைத்துக் குடைந்தார். சேறு வந்தது. கூடவே உள்ளே இருந்த பித்தளைப் பல்லும் வந்துவிட்டது. கம்பி போகாவிட்டால் பட்டியல் இல்லை. பட்டியல் இல்லாவிட்டால் சத்தமாகப் பேசுகிறவர் பக்கம் வெட்டுக்கத்தி போகும். பக்கத்து வயல் பாக்யராஜ் மிகவும் சத்தமாகப் பேசக்கூடியவர். தன் கரும்புதான் மூத்தது என்று நான்கு நாளாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வள்ளிநாயகி நாகராஜனைப் பிடித்து, அவர் வண்டியிலேயே ஏறி, பாகூர் கடைத்தெருவில் வினோதினி நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்தாள். இறங்கியதும் மேஸ்திரிக்கு இன்னொரு தடவை போன் போட்டாள். தான் பண்ருட்டி பஸ்ஸில் இருப்பதாகவும், இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை என்றும் சொல்லி அவர் வைத்துவிட்டார். இரைச்சல் உண்மையிலேயே பலமாகத்தான் இருந்தது.

வினோதினி கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓட்டைக்குள் டார்ச் அடித்தாள். பிறகு அதன் திரையில் எதையோ தேடி, முகம் மலர்ந்தாள். உள்ளே புளூடூத் இருக்கிறது, இத்தனை வருஷமாக யாரும் அதைக் கூப்பிட்டதே இல்லை என்றாள். அவளுடைய பழைய கம்ப்யூட்டரில் புளூடூத் கிடையாது. அதற்காக மேசை இழுப்பறையைக் கவிழ்த்து, மூக்குத்தியைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு கறுப்புச் சாமானை எடுத்தாள். காதுக்கு மாட்டும் இயர்போனுக்காகத் தவளக்குப்பத்தில் வாங்கியது, டாங்கில் என்று பெயர்.

“இதுக்குள்ள என்னாம்மா போகும்? அது ஒன்றரைக் காணி” என்றாள் வள்ளிநாயகி.

வினோதினிக்கு இப்படிக் கேட்டால் போதும், கடையைக்கூட மறந்துவிடுவாள். கம்பி என்ன செய்கிறது என்று முதலில் யோசித்துப் பார்க்கச் சொன்னாள். ஒரு பக்கம் இருக்கிற விவரத்தை மின்சாரத் துடிப்பாக மறுபக்கம் கொண்டுபோகிறது. டாங்கில் அதே துடிப்பை ரேடியோ அலையாக மாற்றிக் காற்றில் விடுகிறது. கருவிக்குள் ஒரு குட்டி ரேடியோ, டாங்கிலுக்குள் ஒரு குட்டி ரேடியோ. இரண்டும் கேட்கவும் செய்யும், பேசவும் செய்யும். அதுவும் ஒரே இடத்தில் நின்று பேசாது. அந்த ரேடியோவில் எழுபத்தொன்பது தடங்கள் உண்டு. ஒரு நொடிக்குள் ஆயிரத்து அறுநூறு தடவை தடம் மாறி மாறிப் பேசும். கல்யாண வீட்டில் பந்தி, கூடம், கொல்லை என்று இடம் மாறிக்கொண்டே ரகசியம் பேசுகிற இரண்டு நாத்தனார்கள் மாதிரி. அடுத்து எந்த இடம் என்று அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். நடுவில் போய் நின்று ஒட்டுக்கேட்கிறவளுக்கு ஒரு வார்த்தைக்கு மேல் கிடைக்காது.

வள்ளிநாயகிக்குத் தன் நாத்தனார்கள் நினைவுக்கு வந்தார்கள். விஷயம் முழுக்கப் புரிந்துவிட்டது.

வினோதினி மேசைக்கு அடியில் குனிந்து, கம்ப்யூட்டர் பெட்டியின் பின்புறம் டாங்கிலைச் செருகினாள். தேடச் சொல்லிப் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிச் சுற்றி வந்து, எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. கருவி இரண்டடி தள்ளி மேசைமேல் இருந்தது. நாகராஜன் அதைத் தூக்கிக் காட்டினார். கம்ப்யூட்டருக்குக் கண் இல்லை சார் என்றாள் வினோதினி.

தப்பு எங்கே என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் பெட்டி இரும்பு. மேசை இரும்பு. பின்னால் இருந்த பீரோவும் இரும்பு. ரேடியோ அலைக்குச் செங்கல் சுவர் என்றால் கொஞ்சம் முக்கி முனகிப் போய்விடும், ஆனால் இரும்பு என்றால் திரும்பிவிடும். மூன்று பக்கமும் இரும்பு வைத்து அடைத்தால், குதிருக்குள் உட்கார்ந்து கூவின கதைதான். அவள் மூன்று மீட்டர் நீட்டிப்புக் கம்பி ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் கம்ப்யூட்டரிலும் மறுமுனையை டாங்கிலிலும் மாட்டி, தாம்புக்கயிற்றில் வாளியைத் தூக்குவதுபோல வெளியே இழுத்தாள். கம்பி வேண்டாம் என்பதற்காக வாங்கிய சாமானுக்கு ஒரு கம்பி தேவைப்பட்டதை நாகராஜன் சுட்டிக்காட்டினார். ஊக்கை வைத்துக் குடைந்தவர் பேசக்கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள்.

இந்தத் தடவை வட்டம் சுற்றி முடிவதற்குள் பெயர்கள் வரிசையாக வந்தன. முதலில் கருவி. அடுத்து எதிர்வீட்டுத் தொலைக்காட்சி. அதற்கும் கீழே ஆங்கில எழுத்தில் மூன்றாவது பெயர் ஒன்று. வினோதினி அதை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தாள். கிங் மணவாளன் மேஸ்திரி.

மூன்று பேரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள்.

“பண்ருட்டியில இருக்கிறவரு பேரு இங்க எப்பிடிமா வரும்?” என்றாள் வள்ளிநாயகி, மெதுவாக.

வராது என்றாள் வினோதினி. ஸ்மார்ட்போன் என்றால் அதன் சொந்தக்காரர் புளூடூத் பக்கத்தைத் திறந்து வைத்தால்தான் பெயரைச் சொல்லும். பொத்தான் வைத்த போனில் யாரோ ஒரு தடவை புளூடூத்தைப் போட்டுவிட்டு மறந்தால், தேடுகிறவர்களுக்கெல்லாம் ஓயாமல் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் பெயரை வைத்தது மேஸ்திரியின் மகள் என்று நாகராஜனுக்குத் தெரியும். ஒரு பாட்டு ஏற்றுவதற்காகப் புளூடூத்தைப் போட்டுவிட்டு அப்படியே விட்டிருப்பாள். விஷயம் என்னவென்றால், இந்தக் குட்டி ரேடியோவின் குரல் ஏறக்குறைய பத்து மீட்டர்தான் போகும். நடுவில் சுவர் இருந்தால் அதற்கும் குறைவு. பண்ருட்டி அதற்கு மேலே இருக்கிறது.

வினோதினி வேலையையே மறந்துபோனாள். டாங்கிலைக் கம்பியோடு பிடித்துக்கொண்டு வலதுபக்கச் சுவரோரம் போனாள். அந்தப் பக்கம் உரக்கடை. வள்ளிநாயகியைத் திரையைப் பார்த்துச் சொல்லச் சொன்னாள். மறுபடி தேடியபோது கிங் மணவாளன் காணாமல் போய்விட்டார். ஆள் இந்தப் பக்கம் இல்லை, நடுவில் பீரோ மறைக்கிறது என்று அர்த்தம். இடதுபக்கச் சுவரோரம் கொண்டுபோனாள். அங்கே வட்டம் சுற்றத் தொடங்கியதுமே அவர் முதல் ஆளாக வந்து நின்றார். இரண்டு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். இரண்டு தடவையும் அப்படியேதான்.

இடதுபக்கம் சலூன்.

வள்ளிநாயகி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். வினோதினி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். வெறுங்கையோடு போனால் மேஸ்திரி இன்னொரு ஊர் பெயர்தான் சொல்வார், தாளோடு போக வேண்டும் என்றாள். அது நியாயமாக இருந்தது. வள்ளிநாயகி உட்கார்ந்தாள். ஆனால் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

வினோதினி கருவியின் பெயரைத் தொட்டாள். உடனே கம்ப்யூட்டர் ஒரு நான்கு இலக்க எண் கேட்டது. இது எதற்கென்றால், தெரிந்தவர்தானா என்று இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் ஒரு தடவை விசாரித்துக்கொள்ள வேண்டும். அது முடிந்தால் அடுத்த தடவை கேள்வி இல்லை. நாகராஜன் முகம் கடுமையானது. அது ஆலையின் ரகசிய எண், வெளியே சொல்லக்கூடாது என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள் என்றார். இரண்டு பேரையும் திரும்பி நிற்கச் சொன்னார். அவர்கள் திரும்பவில்லை. வினோதினி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தட்டினாள். கருவி கிர்ரென்று அதிர்ந்து, சம்மதம் என்றது. நாகராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இருநூற்றுப் பதினான்கு விவசாயிகளின் பெயர், வயல், ரகம், நட்ட தேதி எல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்துசேர்ந்தன. வள்ளிநாயகி காற்றைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. அவள் கண்ணைச் சிமிட்டி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. அதில் அவளுடைய ஊர்ப் பட்டியலில் முதல் வரி அவளுடையது. நாகராஜன் கையெழுத்துப் போட்டு, சட்டைப் பையிலிருந்த ரப்பர் முத்திரையை ஊதிக் குத்தினார்.

சலூனில் நுழைந்ததும் பண்ருட்டி பஸ்ஸின் இரைச்சல் எது என்று வள்ளிநாயகிக்குத் தெரிந்தது. சுவரில் மாட்டிய காற்றாடி ஒன்று தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே மணவாளன் உட்கார்ந்திருந்தார். தலையிலும் மீசையிலும் கறுப்புச் சாயம் கெட்டியாக அப்பியிருந்தது. கழுத்தைச் சுற்றிப் பழைய துண்டு. சாயம் பூசினால் அரைமணி நேரம் அசையக்கூடாது, வழிந்தால் நெற்றியில் பத்து நாளைக்கு நிற்கும். ஓட வேண்டும் என்று அவர் உடம்பு நினைத்தது, தலை ஒத்துக்கொள்ளவில்லை.

“பண்ருட்டியில வெயில் எப்பிடி மேஸ்திரி?” என்றாள் வள்ளிநாயகி.

மேஸ்திரி துண்டைக் கழுத்தோடு இறுக்கிக்கொண்டார். பதில் சொல்லக் கூடியவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அது பாக்யராஜ். மேஸ்திரியை யார் கண்ணிலும் படாமல் தன் கையோடு வைத்திருப்பதற்காக, சாயம் பூச அழைத்துவந்ததே அவர்தான். ஆனால் அவர் முகம் முழுக்க நுரை. தொண்டைக்குழியில் சலூன்காரரின் கத்தி. சலூன்காரர் இந்த மாதிரிக் காட்சியைத் தினமும் பார்க்கிறவர் அல்ல. கத்தியை எடுக்கவும் இல்லை, நகர்த்தவும் இல்லை, அப்படியே நின்று வேடிக்கை பார்த்தார். பாக்யராஜின் கண்கள் மட்டும் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் ஓடின.

வள்ளிநாயகி தாளை மேஸ்திரியின் முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்தாள். அவர் முத்திரையைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். முதல் வரியை உதடு அசைத்துப் படித்தார்.

“தாளு வந்துடுச்சே. தாளு வந்தா அதுக்கு மேல இன்னா இருக்கு?” என்றார் பாக்யராஜ் பக்கம் திரும்பாமல். குரலில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. இரண்டு நாளாக ஒளிந்து ஒளிந்து அவருக்கும் அலுத்திருந்தது. நாளைக் காலை ஆறு மணிக்கு ஆட்கள் வயலில் இருப்பார்கள் என்றார்.

வள்ளிநாயகி நகரவில்லை. இப்போதே, இங்கேயே, ஆட்களிடம் சொல்ல வேண்டும் என்றாள். காதில் சாயம் ஒட்டாமலிருக்க மேஸ்திரி போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினார். மறுமுனையில் புகழேந்தி என்கிற ஆள், எந்த வயல், பாக்யராஜ் வயலா என்று கேட்டான். வள்ளிநாயகி வயல் என்று மேஸ்திரி சொன்னதைச் சலூன் முழுக்கக் கேட்டது.

சலூன்காரர் அப்போதுதான் கத்தியை எடுத்தார். பாக்யராஜ் பாதி நுரையோடு எழுந்துவந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தாளை எட்டிப் பார்த்தார்.

“சரி அண்ணி, நீங்க மொதல்ல. அடுத்து நான்தானே?”

வள்ளிநாயகி விரலை வரிவரியாகக் கீழே இறக்கினாள். இரண்டாவது வரியில் கனகராஜ். மூன்றாவதில் தையலம்மாள். விரல் இறங்க இறங்க பாக்யராஜும் குனிந்துகொண்டே வந்தார். ஆறாவது வரியில் விரல் நின்றது.

“நான் நட்டது தை மாசம்தானே சார்?” என்று அவர் வாசலில் நின்ற நாகராஜனைக் கேட்டார். மாசி பிறந்து ஒன்பதாம் நாள் என்று நாகராஜன் சொன்னார். அன்றைக்குப் பாக்யராஜ் வீட்டில் சாப்பிட்ட வடையும் தனக்கு நினைவிருக்கிறது என்றார். பாக்யராஜ் போய் நாற்காலியில் உட்கார்ந்து, மீதி முகத்தைச் சலூன்காரரிடம் கொடுத்தார்.

வள்ளிநாயகி தாளை நான்காக மடித்து மேஸ்திரியின் சட்டைப் பையில் அவளே வைத்துவிட்டு வெளியே வந்தாள். பதினான்கு பேருக்குக் காலையில் டீ போட வேண்டும். வீட்டில் அவ்வளவு பெரிய பாத்திரம் கிடையாது. யாரிடம் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டே, டீத்தூள் வாங்க மளிகைக்கடைப் பக்கம் நடந்தாள்.