சேர்த்து வாசித்த வார்த்தை

"ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்" என்று சேர்த்து வாசித்துவிட்டார் என் கணவர். அப்பாவின் வேதத்தில் அப்படி ஒரு வரி கிடையாது.

தலையணைக்கு உறை போட்டுக்கொண்டிருந்த எனக்குக் கை ஓடவில்லை. கண் அறுவைக்குப் பின் கட்டோடு அப்பா எங்கள் வீட்டுக் கட்டிலில் இருந்தார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான் இந்த வாசல்படி ஏறியிருக்கிறார், அதுவும் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பதால். மருமகனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "படிக்கிறவங்கள மெதுவா படிக்கச் சொல்லும்மா" என்று எல்லாம் என் வழியாகத்தான். இவரோ லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் குழிக்குள் நிற்பவனிடம் கத்திக் கத்திப் பழகிய குரலில், கதவோரம் நாற்காலி போட்டு, தினமும் மதியம் மாமனாருக்காகப் பைபிள் வாசித்தார். அந்தக் குரலுக்காகவே இவரைக் கட்டிக்கொண்டேன் என்று வையுங்கள்.

இன்றைக்கு வந்தது, தனக்குப் பிறகு ஆறுதல் தர ஒரு தேற்றரவாளன் வருவார் என்று இயேசு சொல்லும் இடம். அப்பாவுக்கு அது பரிசுத்த ஆவி. இவர் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது வேறு: முந்தைய வேதங்களே தங்கள் நபியின் வருகையைச் சொல்லியிருக்கின்றன, அந்தத் தேற்றரவாளனும் அவர்தான் என்று. நபியின் பேச்சு வந்தால் இவருடைய வாய் தானாக வாழ்த்துச் சொல்லிவிடும். சொல்லிவிட்டது.

அப்பா அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவர். காற்புள்ளி இடம் மாறினாலே சாப்பாடு இறங்காது.

"வேதத்துல ஒரு வார்த்தை கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது" என்றார் சுவரைப் பார்த்து.

"அதையேதான் மாமா எங்க பள்ளிவாசல் ஹஜரத்தும் சொல்வார். உங்க ஆளுங்களப் பத்தி."

எனக்கு உயிரே போய்விட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர்! இனி அப்பா பெட்டியைக் கட்டச் சொல்வார், நான் ஆட்டோ பிடிக்க வேண்டும், அத்தோடு எல்லாம் முடிந்தது.

"என்னைக்கும் உங்ககூட இருப்பார்னு போட்டிருக்கே. மனுஷன் என்னைக்கும் இருப்பானா?"

அப்பா யாரிடம் கேட்கிறார் என்று எனக்கு உடனே புரியவில்லை. இவருக்குப் புரிந்தது.

"தானா பேசமாட்டார், கேட்டதைத்தான் சொல்வார்னும் போட்டிருக்கே மாமா. கேட்டுச் சொல்றது மனுஷ வேலைதானே?"

"அதுக்கு முன்னாடி ஆவின்னு இருக்கு. அதை முழுங்கிட்டியா நீ?"

நீ! உறையைக் கடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு விட்டால்கூடக் கலைந்துவிடும் போலிருந்தது. இவரை அப்பா நேராக 'நீ' என்றது இதுதான் முதல் தடவை.

"முழுங்கல மாமா. அதுக்கும் எங்ககிட்ட பதில் இருக்கு."

"இருக்கும், இருக்கும். எல்லாத்துக்கும் பதில் வச்சிருப்பீங்க. கத்தாத, எனக்குக் கண்ணுதான் கட்டியிருக்கு, காது இல்ல. அங்கிருந்து என்ன பேச்சு, இங்க வா."

இவர் என்னைப் பார்த்தார். போங்கள் என்று கண்ணால் விரட்டினேன். அப்பா கால்களை மடக்கி இடம் விட்டார், கட்டில் இரண்டு பேர் பாரத்தில் முனகியது.

"எந்த இடம்? காட்டு."

கட்டுப் போட்ட மனிதருக்கு எதைக் காட்டுவது? இவர் அப்பாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, வரி வரியாகக் கீழே இறக்கி, 'ஆவி' என்ற வார்த்தையின் மேல் வைத்தார். அப்பா விரலை எடுக்கவில்லை.

"இப்ப சொல்லு. ஆனா நீ சொல்லப்போறது தப்பு" என்றார்.