கறுப்புப் பொத்தான்

சங்கச் செயலாளருக்கு உலகத்து மக்களாட்சியெல்லாம் அத்துப்படி. சட்டை தைக்கும் ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் பெஞ்சு மேல் ஏறி, போன மாதம் சங்கம் அனுப்பி, தான் பார்த்துவிட்டு வந்த நாடுகளைப் பற்றி வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரு நாட்டுல தோத்துப்போன பிரதமர், மறுநாள் காலையிலயே சாவியை மேசை மேல வெச்சுட்டு, தன் பெட்டியைத் தானே தூக்கிட்டுப் போறாருங்க! இன்னொரு நாட்டுல திரைக்குப் பின்னாடி ஓட்டு. பொண்டாட்டி யாருக்குப் போட்டாள்னு புருஷன் கேக்கவே மாட்டான். அதுதாங்க நாகரிகம்!"

முன் வரிசையில் அவர் மனைவி, காலர் தைக்கிறவள், எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினாள். மனசுக்குள் திட்டினாள். ஊருக்கு உபதேசம் பண்ண இவரை விட்டால் ஆள் ஏது! பதினோரு வருடமாகச் சங்கத் தேர்தல் என்றால் கை தூக்குவதுதான். தூக்காதவர் பெயரை இவர் நோட்டில் எழுதிக்கொள்வார். போன வருடம் தூக்காத ஒரே ஆள், பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறவள். மறுவாரமே அவளை இஸ்திரிப் பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள். முழங்கை வரை கொப்புளம். அன்றைக்கும் முதலில் உயர்ந்தது மனைவியின் கைதான். அதை நினைத்தால் அந்தக் கையை வெட்டிப் போடலாமா என்றிருக்கும் அவளுக்கு.

பேச்சு முடிந்தது. தேர்தலுக்காக நோட்டு வெளியே வந்தது. பின்வரிசையில் காஜாக்காரி எழுந்தாள்.

"நானும் நிக்கிறேன். திரை கட்டுங்க. இப்பத்தானே சொன்னீங்க?"

கூடமே சிரித்தது. தன் வாயால் கெட்ட தவளையாக முழித்தார் செயலாளர். ஆனாலும் தெனாவெட்டு போகுமா?

"கட்டுங்கடா! இவ மூஞ்சிக்கு எத்தனை விழுதுன்னு பார்த்துடலாம்."

சீட்டில் எழுதினால் கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார் என்று பயம். அதனால் ஆளுக்கு இரண்டு பொத்தான் கொடுத்தார்கள். கறுப்பு செயலாளருக்கு, வெள்ளை காஜாக்காரிக்கு. ஒன்றை ஓட்டு டப்பாவில் போட வேண்டும், மற்றதைக் குப்பை டப்பாவில். முதல் ஆளாகப் போய்ப் போட்டுவிட்டு வந்தார் செயலாளர்.

திரைக்குள் மனைவி இரண்டு பொத்தானையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுபத்திரண்டு பேரில் இவள் போட்டது எது என்று எவன் கண்டான்? வெள்ளையைப் போட்டாள்.

கட்டிங் மாஸ்டர் ஓட்டு டப்பாவை மேசையில் கொட்டி எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார்.

"வெள்ளை எழுபத்தொண்ணு. கறுப்பு... ஒண்ணே ஒண்ணு."

மனைவிக்கு ரத்தம் சுண்டிவிட்டது. அந்த ஒன்று அவருடையது. அப்படியானால் இவள் போட்டது எதுவென்று கூடத்துக்கே தெரிந்துவிட்டதே! அட பாவிகளா, ஒருத்தராவது அவருக்குப் போட்டிருக்கக் கூடாதா?

முகத்தில் ஈயாடாமல், செயலாளர் நேரே அவளிடம் வந்தார்.

"நீ எதைடி போட்ட?"

அப்போது காஜாக்காரியின் கை கண்ணில் பட்டது. கொப்புளம் ஆறி, தோல் சுருங்கிக் கிடந்தது.

"அந்த நாட்டுல இதைக் கேக்கவே மாட்டாங்கன்னீங்களே?" என்றாள், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. "சங்கச் சாவியை மேசை மேல வைங்க. பெட்டியை வேணா நான் தூக்கிட்டு வர்றேன்."