குதிரையில் போன மெஷின்

மேல்முறையீட்டுக்கு இன்னும் பதின்மூன்று நாட்கள் இருந்தன.

மேபல் சவேனியில் பஸ் ஏறினாள். மடியில் துணிப்பை. அதற்குள் இரண்டு தாள்கள். ஒன்று ஆக்லாந்திலிருந்து அவள் கணவன் பிராங்க் அனுப்பியது. அவனுடைய அகதி மனுவை நிராகரித்த கடிதத்தின் நகல். இன்னொன்று அக்கா மகள் ஏப்ரலின் பையிலிருந்து வந்தது. சனிக்கிழமைக் கதை வகுப்பில் கொடுத்த மாதிரித் தாள். இரண்டும் ஆங்கிலத்தில் இருந்தன. இரண்டையும் ஏப்ரல்தான் படித்துச் சொன்னாள்.

கடிதத்தில் இருந்தது இது. ஃபிஜியிலிருந்து இதற்கு முன் வந்த ஆறு மனுதாரர்கள், வீட்டை எரிக்க வந்தவர்கள் தையல் மெஷினைத் தூக்கிக் கிணற்றில் போட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மனுதாரரோ, வந்தவர்களில் ஒருவன் மெஷினைப் போர்வையில் சுற்றிக் குதிரைமேல் ஏற்றிக்கொண்டு போனதாகச் சொல்கிறார். கிணற்றைப் பற்றிக் கேட்டபோது தங்கள் வீட்டில் கிணறே இல்லை என்கிறார். ஊரில் உலவும் ஒரு கதையை இவர் மனப்பாடம் செய்திருக்கிறார். அதையும் சரியாகச் செய்யவில்லை.

படித்து முடித்ததும் ஏப்ரல் கடிதத்தைக் கீழே வைத்தாள். பிறகு உள்ளே போய் மாதிரித் தாளை எடுத்து வந்தாள்.

‘பாத்திரத்தின் முன்கதை: ஒரு மாதிரி.’ பாத்திரத்தின் பெயர் ஜான்கி. ஊர் ட்ரெகேட்டி. நெல் விவசாயம். ஜூலை மாதம் பகல் நேரத்தில் பதினைந்து பேர் வந்தார்கள். முதலில் நெல் மூட்டைகள், பிறகு கூரை, கடைசியில் கல்யாணத்துக்கு அப்பா வாங்கித் தந்த தையல் மெஷின். மெஷின் கிணற்றில் விழுந்த சத்தம் ஜான்கிக்கு இன்னும் கேட்கிறது.

மேபல் அதை மூன்று முறை படிக்கச் சொன்னாள்.

மார்டின்டாரில் இறங்கினாள். ஓட்டல் வாசல்களில் டாக்சிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் உள்ளே தூங்கினார்கள். போன வருஷம் இந்தியர் வீடுகள் எரிந்த கலவரத்தில் ஓடிய வெள்ளைக்காரப் பயணிகள் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. கன்னையாவின் நகல் கடையில் மட்டும் கூட்டம். பாஸ்போர்ட் படம், விசா படிவம், நகல் என்று கண்ணாடியில் சிவப்பில் எழுதியிருந்தது.

“மௌசி, படமா, நகலா?” என்று ஹிந்தியில் சித்தி முறை வைத்துக் கேட்டான் கன்னையா.

“மாஸ்டர்.”

“மேல போ. பின்னால குந்திக்கோ. முன் பெஞ்செல்லாம் அடுத்த மாசம் பிளைட் ஏறறவங்களுக்கு.”

அவனே சிரித்துக்கொண்டான்.

மாடியில் இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். ஆரம்பத்தில் இந்த வகுப்புக்கு நான்கு பேர்தான் வந்தார்கள். அவர்களுக்குக் கதை எழுத ஆசை. இப்போது வருகிறவர்களுக்கு அந்த ஆசை இல்லை. சொல்லிக்கொடுக்கும் ஸ்ரீநாத் தமிழ்நாட்டிலிருந்து மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வந்த பள்ளி ஆசிரியன். நாற்பது வயது. ஊர்ப் பத்திரிகைகளில் கதை எழுதுகிறவன். கரும்பலகையில் நான்கு கேள்விகள் எழுதியிருந்தான். அவள் யார்? எங்கே பிறந்தாள்? எதை இழந்தாள்? எப்படி இழந்தாள்? நான்காவதின் கீழ் இரண்டு கோடுகள்.

மேபல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் அவளைக் கவனிக்கவில்லை.

வகுப்பு ஹிந்தியில் நடந்தது. அப்பல்சாமி என்ற பஸ் டிரைவர் எழுந்து தன் தாளைப் படித்தார்.

“என் பாத்திரத்தோட பேரு அப்பல்சாமி.”

“உங்க பேரையே வெச்சா எப்படி?” என்றான் ஸ்ரீநாத்.

“பாஸ்போர்ட்டுல அதான இருக்கு, மாஸ்டர்.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“சரி. எதை இழந்தார்?”

“தையல் மெஷின்.”

“எல்லாரும் தையல் மெஷின் எழுதாதீங்கன்னு போன வாரமே சொன்னேன். அது மாதிரிக்கு மட்டும். நீங்க சொந்தமா யோசிக்கணும்.”

“எங்க காலத்துலேர்ந்து மாதிரியத்தான் மனப்பாடம் பண்ணச் சொல்லுவாங்க, மாஸ்டர். ஒரு வார்த்தை மாத்துனா மார்க் போச்சு. ஆறு பேரு மாத்தாம எழுதிப் பாஸாயிட்டாங்க. நான் மட்டும் எதுக்குச் சொந்தமா யோசிச்சு ஃபெயிலாகணும்?”

மறுபடி சிரிப்பு. இந்த முறை ஸ்ரீநாத்தும் சிரித்தான்.

“உனக்குத் தைக்கத் தெரியுமா?” என்றாள் மேபல்.

அப்பல்சாமி திரும்பினார். “எனக்கா? சட்டை பட்டன் போனா பொண்டாட்டிதான் வெக்கணும், மௌசி.”

“மெஷின்ல நூல் எங்க மாட்டணும்? சொல்லு.”

“அதெல்லாம் அங்க கேக்க மாட்டாங்க, மௌசி.”

“கெணறு எங்க இருந்துச்சுன்னு கேட்டா?”

“பின்னாடி, கொய்யா மரத்துப் பக்கம்.” அவர் தயாராக இருந்தார்.

ஸ்ரீநாத் அவளைப் பார்த்தான். சாக்பீஸைக் கீழே வைத்தான். எல்லோரும் போய் டீ குடித்துவிட்டு வரலாம் என்றான். அவர்கள் தாள்களை பெஞ்சிலேயே வைத்துவிட்டு இறங்கினார்கள்.

மேபல் இரண்டு தாள்களையும் மேசைமேல் வைத்தாள். அவன் நின்றபடியே கடிதத்தைப் படித்தான். பிறகு உட்கார்ந்தான்.

“எனக்கு இது தெரியாதும்மா,” என்றான் தமிழில்.

“இன்னா தெரியாது? மெஷின் என்னுதுன்னு தெரியாதா?”

“அது கதைக்காக எழுதினது. ஜான்கி நான் உண்டாக்கின பாத்திரம்.”

“எங்கப்பன் லபாசாவுக்குப் படகுல போயி வாங்கியாந்த மெஷின். அதையும் நீ உண்டாக்குனியா?”

அவன் மாதிரித் தாளைக் கவிழ்த்து வைத்தான்.

போன வருஷம் ஜூலையில் வீடு எரிந்ததும் அவளும் பிராங்க்கும் தங்கள் தீவிலிருந்து கப்பலேறி லௌட்டோக்கா வந்து, ஒரு சர்ச் கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். நாற்பது குடும்பங்கள். எழுதத் தெரிந்தவர்கள் வந்து நடந்ததை எழுதிக்கொண்டார்கள். மற்ற எல்லோரும் ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ கேட்டார்கள். மேபல் யாரிடமும் சொல்லவில்லை. நீல அட்டை நோட்டோடு வந்த ஸ்ரீநாத் மட்டும் “என்னம்மா நடந்தது?” என்று தமிழில் கேட்டான். அவளுடைய அம்மா செத்த பிறகு அந்த மொழியில் அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை. இரண்டு மணி நேரம் சொன்னாள். அவன் எழுதினான். கடைசியில் அவள் கையெழுத்துப் போட்டாள். அப்பாவின் பைபிளைப் பார்த்துக் கற்ற எழுத்து. சர்ச் முத்திரையும் தேதியும் பக்கத்திலேயே விழுந்தன.

“அந்த நோட்டு எங்க?”

“சர்ச்சுல கொடுத்துட்டேன்.”

“பாஸ்டரைக் கேட்டுக்கினுதான் வரேன். உங்கிட்ட கீதுன்னாரு.”

“தேடிப் பார்க்கணும்.”

“தேடு. நான் குந்திக்கினு கீறேன். எனக்கு வேலையில்ல. வயலும் இல்ல.”

அவன் அலமாரியைத் திறந்தான். தேடவில்லை. நோட்டு மேல் தட்டில் முன்னாலேயே இருந்தது.

மேபல் பக்கங்களைப் புரட்டினாள். தன் கையெழுத்தைத் தேடினாள். முத்திரையும் தேதியும் இருந்தன. அதற்கு மேலே அவள் சொன்னது, அவள் சொன்ன சொற்களிலேயே, அவனுடைய சாய்வான எழுத்தில் இருந்தது. அதன்மேல் சிவப்பு மை. பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி. மேபல் என்ற பெயர் அடிக்கப்பட்டு ஜான்கி. குதிரை அடிக்கப்பட்டுக் கிணறு. ‘என் போர்வையை எடுத்து, கீறல் படாமல் சுற்றினான்’ என்ற வரி முழுவதும் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு சொல். பொருந்தவில்லை.

அதை அவள் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள்.

“இன்னா பொருந்தல?”

“படிக்கிறவங்க நம்ப மாட்டாங்கம்மா. கூரைக்குத் தீ வெச்சவன் மெஷினுக்குப் போர்வை சுத்துவானா? கதையில அது நிக்காது.”

“சுத்துனான். நாலு முனையும் மடிச்சு, குழந்தையச் சுத்துற மாதிரி சுத்துனான். அந்தப் பையனுக்கு ரெண்டு வருசம் ஸ்கூல் சட்டை நாந்தான் தெச்சேன். அந்த மெஷின்லதான். என் மூஞ்சியப் பாக்காமயே சுத்துனான். அதான் எனக்கு இன்னும் எரியுது. கெணறு கெடையாது. சத்தம் கெடையாது. சத்தமே இல்லாம எடுத்துக்கினு போனான்.”

“நான் யாரையும் ஏமாத்தணும்னு பண்ணலை.”

“பின்ன?”

“நாலு பேருக்குக் கதை எழுதச் சொல்லிக்கொடுத்தேன். பாத்திரம் நிஜமா தெரியணும்னா யாரும் கற்பனை பண்ண முடியாத ஒரு பொருள் வேணும். உங்க மெஷின் அப்படி இருந்தது. மாதிரியா எழுதினேன். கன்னையா நகல் எடுத்தான்.”

“நீ தடுத்தியா?”

அவன் அலமாரிக் கதவைச் சாத்தினான்.

“பேரை மாத்தித் தரச்சொல்லி வந்தாங்களாமே. ஏப்ரல் சொல்லுச்சு. மாத்திக் குடுத்தியா, இல்லியா?”

“கொடுத்தேன்.”

“குடுத்த.”

அவள் கையால் மேசையைத் தட்டினாள். சாக்பீஸ் உருண்டு கீழே விழுந்தது.

“அந்த ஆபீசர் எழுதியிருக்கான், பாரு. மனப்பாடம் சரியில்லன்னு. எம் புருசனை. நாப்பது வருசம் அந்த வயல்ல சேத்துல நின்ன மனுசனை. அவரு வூட்டுல நடந்தத அவரே தப்பா மனப்பாடம் பண்ணிட்டாராம். அங்க ஒரு குளுருல, மருமக வூட்டு சோபாவுல படுத்துக்கினு, நேத்து போன்ல எங்கிட்ட கேக்கறாரு. மேபல், நம்ம வூட்டுல கெணறு இருந்துச்சா, எனக்குத்தான் மறந்துபோச்சான்னு.”

ஸ்ரீநாத் கீழே பார்த்தான். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தான். பேனாவின் மூடியைக் கழற்றினான்.

“ஒண்ணு பண்ணலாம்மா. மேல்முறையீட்டுல அவரும் கிணறுன்னே சொல்லட்டும். முதல் தடவை பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டார்னு நான் எழுதித் தரேன். நல்லா வரும். எனக்கு இப்ப அவங்க எதை எதிர்பார்க்கிறாங்கன்னு தெரியும்.”

மேபல் அவன் பேனாவைப் பார்த்தாள். அது சிவப்புப் பேனா.

“நடந்தத சொன்னா பொய்யி. பொய்யி சொன்னா பாஸு. அப்படித்தான?”

“நான் உதவி செய்யத்தான் பார்க்கிறேன்.”

“உன் உதவி எனக்கு வேணாம். இந்தப் பக்கம் வேணும். முத்திரை, தேதி, குதிரை, எல்லாம் இதுல கீது.”

அவள் நோட்டை மேசையில் அழுத்தி, பக்கத்தை மேலிருந்து கிழித்தாள். அவன் எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். உடனே விட்டுவிட்டான். பக்கம் முழுதாக வந்திருந்தது.

“இதை அங்கே அனுப்பாதீங்கம்மா.”

“ஏன், உன் வேலை பூடுமா?”

“போகட்டும். அந்த ஆறு பேரையும் திருப்பி அனுப்பிடுவாங்க.”

“அனுப்பட்டும். பொய்க்காரனுங்க.”

“கம்லாவும் அதுல ஒருத்தி.”

மேபல் அசையவில்லை.

கம்லா சர்ச் கூடத்தில் அவளுக்கு அடுத்த பாயில் படுத்திருந்தவள். முப்பது வயது இருக்கும். பதினோரு நாள் வாயைத் திறக்கவில்லை. மேபல்தான் அவளுக்குக் கஞ்சி ஊட்டினாள், தலை வாரினாள், கூடத்துக்குப் பின்னால் கூட்டிப்போய்க் குளிப்பாட்டினாள். குளிப்பாட்டும்போது பார்த்ததை இதுவரை பிராங்க்கிடம்கூடச் சொன்னதில்லை.

“அவளுக்கு என்ன நடந்ததுன்னு உங்களுக்குத் தெரியும்,” என்றான் ஸ்ரீநாத். “அதை ஒரு ஆபீசர் முன்னால சொல்ல முடியாதுன்னு சொன்னா. செத்தாலும் சொல்ல மாட்டேன்னா. வேற ஏதாவது கொடு மாஸ்டர், அதை வாங்கிக்கிட்டுப் போறேன்னா. என்கிட்ட இருந்ததுல அதுதான் நல்லா இருந்தது. அவளுக்குத்தான் முதல்ல கொடுத்தேன்.”

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கணும்.”

“சொல்லிருந்தா நானே குடுத்திருப்பேன். அவளுக்கு. மெஷின், குதிரை, போர்வை, எல்லாத்தையும். அந்த பஸ் டிரைவருக்குக் குடுத்திருக்க மாட்டேன்.” அவள் குரல் உயர்ந்தது. “கொய்யா மரமாம்! எங்க வூட்டுல கொய்யா மரமும் கெடையாது!”

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. யாரோ ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அப்பல்சாமி முதலில் உள்ளே வந்தார். கையில் டீக் கோப்பை. இன்னொரு கோப்பையை மேபலிடம் நீட்டினார்.

“உனக்குத்தான் மௌசி. சர்க்கரை போட்டிருக்கு.”

அவள் வாங்கவில்லை. அவர் அதைக் கடைசி பெஞ்சில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். தாள்களை எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி சத்தமில்லாமல் உதட்டை அசைத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

மேபல் கிழித்த பக்கத்தை நான்காக மடித்தாள். பைக்குள் வைக்கவில்லை. கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கதவு வரை போனாள். அங்கே நின்று, இருபத்து மூன்று பேருக்கும் புரியாத தமிழில், அவனை மட்டும் பார்த்துக் கேட்டாள்.

“சரி, மாஸ்டர். எம் புருசன் இப்ப யாரோட கதையச் சொல்லணும்?”